உவர்மலை ஏற்றத்தில் கேட்ட சத்தம்

செவ்வாய், இரவு

கனடாவிலிருந்து லீவில் வந்திருக்கும் அண்ணா, அம்மாவை ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டிவர இன்று தானே கார் ஓடினார். உவர்மலை ஏற்றத்தில் எஞ்சின் டக் டக் என்று தட்டியது.

"என்ன பெற்றோல் அடிச்சனி?"

"ஒக்டேன் தொண்ணூற்றிரண்டு," என்றேன்.

உடனே காரை ஓரம்கட்டினார். பெற்றோல் மூடியில் ஒட்டியிருந்த ஜப்பான் எழுத்தைக் கைபேசியில் பிடித்து, மொழிபெயர்த்துக் காட்டினார். உயர்தரப் பெற்றோல், அதாவது தொண்ணூற்றைந்துதான் அடிக்க வேண்டுமாம். "வாங்கித் தந்த காரை நாசமாக்கிப் போட்டாய்" என்றார்.

இத்தனை வருடமாக அந்த எழுத்தை வாசிக்க இங்கே யாருக்கு நேரம் இருந்தது? தட்டுப்பாட்டு நாட்களில் இரவு பகலாக வரிசையில் நின்றபோது, பெற்றோல் வருமா என்றுதான் கேட்டேன். எந்தப் பெற்றோல் என்று கேட்கவில்லை. அதில்தான் அம்மா வாரம் இரண்டு தரம் டயலிசிஸுக்குப் போய் வந்தார். ஒரு தவணையும் தவறவில்லை.

பின்சீற்றிலிருந்து அம்மாதான் வாய் திறந்தார்.

"பிள்ளை ஓடேக்க இந்தச் சத்தம் வாறேல்லையே."

ஓம், நான் ஓடினால் வராது. ஏற்றத்துக்கு முன்பே ஏசியை நிறுத்திவிட்டுக் அக்சிலேற்றரில் காலை மெல்ல வைத்தால் எஞ்சின் தட்டாது. அண்ணா ஏசியையும் போட்டுக்கொண்டு முழுக்க மிதித்தார். போன மாதம் எனக்கும் ஒருமுறை கேட்டது. அது வேறு விஷயம்.

இங்கே நிற்கும் வரை அவர் தொண்ணூற்றைந்தே அடிக்கட்டும். அவரை விமான நிலையத்தில் இறக்கிவிட்டுத் திரும்பும்போது நான் தொண்ணூற்றிரண்டுதான் அடிப்பேன். ஏற்றத்தில் காலை எப்படி வைப்பது என்று மட்டும் அவருக்குச் சொல்லமாட்டேன்.