உப்பளத்து முட்டைகள்

வெள்ளவத்தை
17.03.2007

அன்புள்ள அத்தானுக்கு,

பிள்ளைகள் சுகம். இதைத் தபாலில் போடப் பயம். டோஹாவுக்கு வரும் ஷபீகாவிடம் கொடுத்துவிடுகிறேன். உறை பிரித்து ஒட்டியதுபோல் இருந்தால் எனக்கு அறிவியுங்கள். இப்போது யாரை நம்புவது?

செவ்வாய்க்கிழமை பொலிஸார் வந்து தங்கச்சி கனகேஸ்வரியைக் கொண்டுபோய்விட்டார்கள். மற்ற வீடுகளில் அடையாள அட்டையை மட்டும் பார்த்தவர்கள், இங்கே நேரே குசினிக்குப் போய் மிளகாய்த்தூள் டின்னை எடுத்தார்கள். மேல்மாடி அருள்நாயகிதான் சொல்லிக் கொடுத்திருப்பாள். முதல்நாள் தூள் கேட்டு வந்தவளை அந்த டின்னைத் தொட நான் விடவில்லை. முகத்தைத் தூக்கிக்கொண்டு போனாள். இப்போது பிள்ளைகளுக்கு இடியப்பம் அனுப்புகிறாள். நான் திருப்பி அனுப்பிவிட்டேன்.

டின்னில் இருந்தது, ஈஸ்வரி தன் விலங்கியல் ஆராய்ச்சிக்காகப் புத்தளம் உப்பளத்தில் அள்ளிய முட்டைகள். ஏதோ சின்ன இறால் இனமாம். வேறெதுவும் பிழைக்காத உப்பிலும் அது வாழுமாம். தண்ணீர் வற்றினால் முட்டை வருடக்கணக்காகத் தூசியாய்க் கிடந்து, பிறகு நனைந்ததும் பொரிக்குமாம். பார்வைக்கு வெறும் மண்ணிறத் தூள்.

வெடிமருந்து என்றார்கள். ஈஸ்வரி விடாமல் மன்றாட, பொறுப்பதிகாரி ஒரு கிளாஸில் உப்புத்தண்ணீர் கரைத்து, அவள் சொன்னபடி கொஞ்சம் போட்டுப் பார்த்தார். நேற்று நான் பொலிஸ் நிலையத்துக்குப் போனபோது கிளாஸ் நிறையச் செம்மஞ்சள் புள்ளிகள் துடித்து நீந்தின. எனக்கு அழுகையே வந்துவிட்டது. தங்கச்சி தப்பிவிட்டாள் என்று நினைத்தேன். அவர் கிளாஸை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, தனக்குத் தெரிந்த தமிழில் மெல்லக் கேட்டார்.

"முட்டைதான், சரி நோனா. அப்ப ஏன் தூள் டின்ல ஒளிச்சது?"

சோதனைச் சாவடியில் மண்ணிறத் தூளோடு பிடிபட்டால் தமிழ்ப் பிள்ளை திரும்பி பஸ் ஏறமாட்டாள் என்றும், யாழ்ப்பாணத்து ஆட்களின் மிளகாய்த்தூள் டின்னை ஒருவரும் கிளறுவதில்லை என்றும் அவளுக்குச் சொல்லிக் கொடுத்ததே நான்தான். அதைச் சொன்னால் என்னையும் வைத்துக்கொள்வார்கள். பேசாமல் எழும்பி வந்துவிட்டேன். ஈஸ்வரி கம்பிக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள்.

மாதக் கடைசியில் அவளை வேறிடத்துக்கு மாற்றுவார்களாம். எங்கே என்று சொல்கிறார்களில்லை. அவளுடைய பேராசிரியரும் போனை எடுக்கிறாரில்லை.

உங்களை வரச்சொல்லி எழுதமாட்டேன். விமான நிலையத்திலேயே உங்களையும் மறித்துக் கேட்பார்கள். ஆனால் நான் போய் உண்மையைச் சொல்லிவிட்டால் பிள்ளைகள் யாரிடம் நிற்பது? அதை மட்டும் யோசித்துக் கெதியாக எழுதுங்கள், அத்தான்.

உங்கள்
நேசமலர்