நான்காம் நாளில் நின்ற கரு

மதினி,

இன்று காலை காரியாபட்டியில் பஸ் ஏறியதும், பக்கத்தில் இருந்த அம்மா தன் மல்லிகைச் சரத்தில் கொஞ்சம் கிள்ளி நீட்டினார். வேண்டாம் என்றேன். கருவுக்குப் பூவாசம்கூட ஆகாத லேபில் எனக்கு வேலை என்று அவருக்கு எங்கிருந்து விளக்க? உங்களிடம் ஒருமுறைதான் சொன்னேன். அடுத்த தடவை அண்ணனோடு பரளச்சியிலிருந்து மதுரை ஆஸ்பத்திரிக்கு வந்தபோது, உங்கள் தலையில் பூ இல்லை.

பல வருடம் காத்திருந்து உண்டான உங்கள் இரண்டு கருக்கள் என் பொறுப்பில், ஒரே கண்ணாடித் தட்டில் வளர்ந்தன. டாக்டரிடம் எதுவும் கேட்காத நீங்கள், என்னை ஓரமாக அழைத்துக் கேட்டீர்கள்: "அதுக என்னத்தத் திங்கும் தாயி?"

முதல் இரண்டு மூன்று நாள் கருவுக்குச் சர்க்கரையை அப்படியே எடுத்துக்கொள்ள வராது, சர்க்கரை உடைந்து வரும் பைருவேட் என்ற சின்னப் பொருளை வைத்தே பிழைக்கும் என்றேன். செல்கள் பெருகி, ஒன்றோடொன்று ஒட்டி உருண்டையான பிறகுதான் சர்க்கரையை இழுக்கும். கொஞ்சத்தைத் தெம்புக்கு எரிக்கும், மிச்சத்தில் புதுச் செல்களைக் கட்டிக்கொள்ளும்.

"ஆமா, பெத்த ஒடனே புள்ளைக்குச் சோறா ஊட்டுறாக?" என்றீர்கள்.

நான்காம் நாள் ஒன்று உருண்டுவிட்டது. மற்றது எட்டு செல்லோடு நின்றுபோனது. அதே திரவம், அதே சூடு. போனில் சொன்னேன்.

"அதுக்குப் பசிச்சிருக்குமா தாயி?"

"இல்ல மதினி. அதுக்கு அதெல்லாம் தெரியாது."

"நெசந்தானா?"

நிஜம்தான் என்றேன். உருண்ட கருவும் உங்கள் வயிற்றில் தங்கவில்லை. அடுத்த முயற்சிக்கு நாள் குறித்திருந்தோம். அதற்குள் ஒரு காய்ச்சல் உங்களைக் கொண்டுபோய்விட்டது. அண்ணன் இப்போது மிளகாய்க் காட்டில் தனியாக நிற்கிறார். அந்தப் பேச்சை எடுப்பதே இல்லை.

இன்றும் ஒரு நான்காம் நாள். திருச்சுழிப் பக்கத்துப் பெண் ஒருவரின் கருக்களில் ஒன்று நின்றிருந்தது. குறித்து வைத்தால் என் வேலை முடிந்தது. ஆனாலும் நாற்காலியில் இருப்புக் கொள்ளவில்லை. எழுந்து போய் மைக்ரோஸ்கோப்பில் மறுபடி பார்த்தேன், மறுபடியும். ஒன்று சர்க்கரைக்கு மாறிவிடுகிறது, பக்கத்தில் இருப்பது மாறாமலே நின்றுவிடுகிறது. சிலவற்றுக்குக் காரணம் சொல்ல முடிகிறது. பலவற்றுக்கு இல்லை.

அவரைப் போனில் அழைத்துச் சொன்னேன். நீங்கள் கேட்டதை அவர் கேட்கும் முன்பே, "அதுக்குப் பசியோ வலியோ தெரியாதும்மா" என்றேன்.

அவர் அழுதார். "அதத்தாங்க கேக்கணும்னு இருந்தேன்."

உங்களுக்குச் சொன்ன அதே பதில்தான், மதினி. நெசந்தானா என்று அவர் கேட்கவில்லை. நான்தான் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.