மணப்பெண் ஏறும் காரைத் தடுத்து நிறுத்தக் கோரும் மனு

அனுப்புநர்:
யாவ் அசியாமா,
மோட்டார் உதிரிபாகக் கடை, அக்ரா.
தற்போது: அக்காள் ஓஃபோசுவா வீடு, ம்ப்ரேசோ.

பெறுநர்:
பொறுப்பு அதிகாரி அவர்கள்,
போக்குவரத்துக் காவல் பிரிவு,
ம்ப்ரேசோ.

பொருள்: வரும் சனிக்கிழமை என் சொந்தக் காரை மலைப்பாதைக்கு முன்பே நிறுத்தக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. இது என் மேல் நானே தரும் புகார். புத்தி தெளிவாகத்தான் எழுதுகிறேன்.

2. சென்ற மாதம் ஒரு பழைய ஜெர்மன் சொகுசுக் கார் வாங்கினேன், என்ஜின் கோளாறு தெரிந்தேதான் வாங்கினேன். மெக்கானிக் அலீது அப்போதே சொன்னார்: "முதலாளி, இது சூடானா நடுரோட்டுல மூச்ச விட்டுரும். நிறுத்தி வச்சு அழகு பாக்கறதுக்குன்னா வாங்கிக்குங்க." பதினெட்டு ஆண்டாக உதிரிபாகம் விற்கிறவனுக்கு ஒரு என்ஜின் அடங்காதா என்ற திமிர் எனக்கு. மூன்று பாகங்கள் மாற்றியும் அடங்கவில்லை. ஈஸ்டரும் வந்துவிட்டது. அக்ராவில் கடை வைத்த குவாஹு மலைக்காரன் ஈஸ்டருக்கு வாடகை வேனில் ஊர் திரும்பினால் ஊர் என்ன பேசும் என்பது தங்களுக்குத் தெரியும். எச்சரிக்கை விளக்கின் மேல் கறுப்பு டேப் ஒட்டிக்கொண்டு மலையேறினேன். வழியில் ஐந்து முறை நிறுத்தி ஆறவிட்டேன்.

3. ஈஸ்டர் திங்களன்று நான் தனியாக இறங்கியபோது இரண்டாம் வளைவில் என்ஜின் அணைந்தது. ஸ்டியரிங் இறுகிவிட்டது, பிரேக் மிதி கல்லாக நின்றது. மலைச்சுவரில் உரசித்தான் நிறுத்தினேன். மறுபக்கம் சுவர் கிடையாது. என்ஜின் ஆறியதும் மெல்ல ஊர் திரும்பி, வீட்டில், ஆடு குறுக்கே வந்ததால் உரசிவிட்டது என்று சொல்லிவிட்டேன்.

4. சனிக்கிழமை என் அக்காள் மகள் அகுவா செச்சிவாவுக்குத் திருமணம். தேவாலயம் கீழே இன்காவ்காவில் உள்ளது. தாய்மாமன் காரில், தாய்மாமன் ஓட்ட, மணப்பெண் இறங்க வேண்டும். ஈஸ்டர் ஞாயிறன்றே குடும்பத் தலைவர் முன் சாவியை வைத்து, மது வார்த்து, முன்னோருக்குச் சொல்லியாயிற்று. சொன்ன சொல்லை இனித் திரும்பப் பெற முடியாது. திங்கள் மாலை முதல் சாவி அவரிடம், கார் அவர் முற்றத்தில் பூ அலங்காரத்துக்காக நிற்கிறது. ஊரை மூன்று சுற்று சுற்றி, நன்றாகச் சூடேறிய பிறகே மலை இறங்குவோம்.

5. நேற்று அக்காளிடம் உண்மையைச் சொன்னேன். அவர் சிரித்தார். "ஈஸ்டருக்கு ஓடின வண்டிக்கு எம்பொண்ணு கல்யாணம்னதும் காய்ச்சல் வந்துருச்சா?" என்று கேட்டார். தர மனமில்லாமல் சாக்குச் சொல்கிறேன் என்று வீடே நம்புகிறது. செச்சிவா மட்டும் என் கையைப் பிடித்து, "நீங்க ஓட்டுனா எனக்கென்ன பயம், மாமா" என்றாள். அதுதான் என்னைக் கொல்கிறது.

6. ஆகவே சனிக்கிழமை காலை ஒன்பது மணியளவில், முதல் வளைவுக்கு முன்னுள்ள சோதனைச் சாவடியில், வெள்ளை ரிப்பன் கட்டிய 4417 எண் கறுப்புக் காரை நிறுத்தி, மணமகளைப் பின்னால் வரும் வேனுக்கு மாற்றிவிடுமாறு மன்றாடுகிறேன். எல்லோர் எதிரிலும் நான் தங்களிடம் எரிந்து விழுவேன். பெரிய மனிதர்களின் பெயர்களைச் சொல்லி மிரட்டுவேன். வண்டியில் ஒரு குறையும் இல்லை என்று சத்தியமும் செய்வேன். ஐயா, தயவுசெய்து என்னை நம்பிவிடாதீர்கள்.

இடம்: ம்ப்ரேசோ
நாள்: 12.04.2023

தங்கள் கருணையை மட்டுமே நம்பியிருக்கும்,
யாவ் அசியாமா
(கையொப்பம்)