வெள்ளிக்கிழமை வெந்நீர்

விடியற்காலைத் தொழுகைக்குப் புறப்படுமுன் மீரா சாகிபு உப்பு போட்டுவைக்கும் மரவைக்கு அடியில் ஒரு சீட்டை வைத்தார். மனைவி சைனப் பீவிக்கு அரபு எழுத்துத்தான் வாசிக்க வரும். தமிழை அந்த எழுத்திலேயே எழுதியிருந்தார்.

“சைனபு, கொப்பரை வண்டி வந்தா சரக்கை எறக்கி வைக்கக் கிட்டங்கிச் சாவி மாடத்துல இருக்கு. கருவாட்டைப் பூனைக்கு எட்டாம வை.

போன வெள்ளிக்கிழமை உன் கூட்டாளிமாரு மூணு பேரையும் நான் வெரட்டினது தப்பு. யானைக்காலை வெந்நீருல கழுவித் துணி சுத்திக்கிட்டு நீங்க நாலு பேரும் சிரிச்சது எனக்குப் பொறுக்கல்ல. ‘சீக்கை வச்சிக்கிட்டு என்ன இளிப்பு?’ன்னு கேட்டுட்டேன். அதுக்குப் பொறவு நீ சிரிக்கவும் இல்ல, காலைக் கழுவவும் இல்ல. தொழுதுட்டு, மூணு வீட்டு நடையிலயும் நின்னு மாப்பு கேக்கப் போறேன். இன்னைக்கு வருவாங்க. வெந்நீர் போடு.”

வைத்துவிட்டு வாசல்வரை போனவர் திரும்பி வந்து சீட்டைப் பிரித்தார். முகம் எரிய, ஓரத்தில் இடுக்கி எழுதினார்:

“எனக்கும் ஒரு சருவம் வெந்நீர் உள்ளறையில வை. ஆறு மாசமா நான் சாரத்தைக் கணுக்கால் மறையக் கட்டுறது வீக்கம் தெரியாம இருக்கத்தான். நீங்க பின்முற்றத்துல சிரிக்கும்போது கதவை மட்டும் அடைக்காண்டாம்.”