உப்பு அதிகாரியின் அங்கிக் கை

ஏழாம் மாதம், நான்காம் நாள்

இன்றும் அப்பா பட்டு அங்கியோடு மீன் வாங்கப் போய்விட்டார்.

அதிகாரி சந்தைக்குள் நுழையக் கூடாது என்று எழுத்தர் கெங் தினமும் சொல்கிறார். அப்பா தினமும் தலையாட்டுகிறார். பிறகு குதிரை வண்டியைச் சந்தை வாசலில் நிறுத்திவிட்டு இறங்கி நடக்கிறார். "வண்டி சந்தைக்குள்ள போகலையே" என்கிறார்.

மீன்காரி பதறிப்போய், "ஐயாவுக்குச் சும்மாவே தர்றேன், எடுத்துக்குங்க" என்றாளாம். அப்பாவுக்குக் கோபம். வீட்டுக்கு வந்தும் அது தீரவில்லை. "சும்மா குடுத்த மீனை எப்படிம்மா திங்கறது? பேரம் பேசாத மீன்ல ருசி எங்க இருக்கும்?"

நேற்றுவரை நாங்கள் வியாபாரப் பதிவில் இருந்த குடும்பம். பட்டு உடுத்தினால் குற்றம், வண்டி ஏறினால் குற்றம், நிலம் வாங்கினால் குற்றம். பட்டு வாங்க வசதி மட்டும் இருந்தது. வசந்த காலத்தில் தலைநகர் சாங்கானிலிருந்து ஆணை வந்தது: இனி உப்பும் இரும்பும் அரசாங்கத்துடையவை. அப்பா கிடங்குச் சாவிகளை ஒப்படைத்துவிட்டு வந்து சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். அடுத்து இன்னோர் ஆணை: இவற்றைப் பற்றித் தெரிந்தவர்கள் அரசாங்கத்தில் யாருமில்லை, பழைய வியாபாரிகளையே அதிகாரிகளாக்குக. சாவிகள் அதே சாவிகள். கூடவே ஒரு முத்திரை, கறுப்பு நாடா, தொப்பி.

முதல் நாள் இரவு அப்பா அந்தப் பட்டு அங்கியோடேயே தூங்கினார்.

ஆறாம் நாள்

இதை அலுவலகத்தில் கழித்துப் போட்ட மூங்கில் பட்டைகளில் எழுதுகிறேன். பழைய எழுத்தைக் கத்தியால் சீவிவிட்டால் நன்றாகவே இருக்கின்றன.

எங்கள் பாவ் குடும்பத்தில் எழுத்துப் படித்து முடித்த முதல் ஆள் நான். மாதாமாதம் ஒரு கட்டு உலர்ந்த இறைச்சி கொடுத்து அப்பா என்னை வாத்தியாரிடம் அனுப்பினார். பெண்பிள்ளை படித்து என்ன செய்யப் போகிறாள் என்று தெரு முழுக்கக் கேட்டது. எனக்கும் தெரியாது. வேற்று மனிதர் எதிரே வந்தால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். வாத்தியார் வீட்டில்கூடச் சுவரைப் பார்த்துத்தான் பாடம் ஒப்பித்தேன்.

இப்போது தெரிகிறது. அப்பாவுக்கு மூட்டைக் குறிகள் தவிர ஓர் எழுத்தும் தெரியாது. அலுவலகக் கூடத்தில் அவருடைய பாய்க்குப் பின்னால் ஒரு திரை. திரைக்குப் பின்னால் நான். ஆணைகளை, சட்டங்களை மெல்லிய குரலில் வாசிப்பேன். அப்பா அதைக் கம்பீரமாகத் திருப்பிச் சொல்வார். கெங்குக்குத் தெரியும். தெரியாததுபோல இருமுவார்.

உண்மையைச் சொன்னால், எனக்கு இது பிடித்திருக்கிறது. ரொம்பவே.

ஒன்பதாம் நாள்

முதல் வழக்கு. அரசாங்க உப்பில் மணல் கலந்த சுமையாள். சட்டத்தை வாசித்தேன். பத்துப் பிரம்படி.

"பத்து அடி!" என்றார் அப்பா, இடி முழக்கம்போல. கூடம் நடுங்கியது.

சுமையாள் தரையில் நெற்றியை முட்டி, "ஐயா, கொஞ்சம் பாத்துப் பண்ணுங்க" என்றான்.

அவ்வளவுதான். அப்பாவின் முகம் மாறியது. நாற்பது வருஷப் பழக்கம் எழுந்து நின்றது.

"சரி, எட்டு."

"நாலு ஐயா. முதுகு ஏற்கெனவே மூட்டை தூக்கி அடிபட்டது."

"நாலா? நாலுக்குக் கட்டுப்படியாகாதுப்பா. ஏழு."

"அஞ்சு. உங்களுக்கும் வேணாம், எனக்கும் வேணாம்."

அப்பா எழுந்து போனார். குற்றவாளியின் பக்கத்தில் மண்டியிட்டார். தன் அங்கிக் கைக்குள் அவன் கையை இழுத்துக்கொண்டார்!

உப்புச் சந்தையில் எல்லாப் பேரமும் அங்கிக் கைக்குள்தான் நடக்கும். பக்கத்துக் கடைக்காரனுக்குத் தெரியாமல் விரல் பிடித்துப் பேசுவார்கள். விரலை அழுத்தினால் எண். உள்ளங்கையில் நகத்தால் கீறினால் ‘சரக்கு சரியில்லை.’ கையை முழுசாகப் பிடித்துக் குலுக்கினால் முடிந்தது. குழந்தையாக இருந்தபோது அப்பா மடியில் உட்கார்ந்து நான் முதலில் கற்ற பாஷை அதுதான்.

கெங்கின் தூரிகை கீழே விழுந்தது. ஐந்து அடிக்கு முடிந்தது. இரண்டு பேருக்கும் திருப்தி.

பத்தாம் நாள்

கெங் வீட்டுக்கே வந்து அம்மாவிடம் முறையிட்டார். "அம்மா, குற்றவாளி கையை அதிகாரி பிடிச்சா பாக்கறவங்க இலஞ்சம்னு சொல்வாங்க. தலை போற விஷயம்."

அம்மா ஊசி நூலை எடுத்தாள். அப்பாவின் இரண்டு அங்கிக் கைகளின் வாயையும், விரல் நுனி மட்டும் வெளியே வரும்படி, நெருக்கித் தைத்துவிட்டாள்.

"ஏன்டி, சோறு எப்படித் திங்கறது?"

"நான் ஊட்டறேன். அதிகாரிதானே."

பதினைந்தாம் நாள்

ஒரு மாவட்டமே பேரம் பேச வருகிறது. இன்று ஒரு கிழவர் குற்றமே செய்யாமல் வந்து, இரண்டு அடியை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டார்.

பதினெட்டாம் நாள்

சிரிப்பு போய்விட்டது.

தூ மாங்கைப் பிடித்து வந்திருக்கிறார்கள். அப்பா கழுதை ஒன்றும் சாக்கு இரண்டுமாகத் தொழில் தொடங்கியபோது முதல் உப்பை நம்பிக் கொடுத்தவர் அவர்தான். பிறகு எத்தனையோ வருஷம் அவர் காய்ச்சினார், அப்பா விற்றார். இப்போது உப்புக் காய்ச்சுகிறவர்கள் அரசாங்கம் கொடுக்கும் இரும்புக் கொப்பரையில்தான் காய்ச்ச வேண்டும். இவர் தன் சொந்தக் கொப்பரையில் காய்ச்சினாராம்.

சட்டத்தை வாசிக்க வேண்டியவள் நான். வாசித்தேன். கொப்பரை பறிமுதல். இடது காலில் இரும்பு விலங்கு. சேற்றில் கடல்நீர் சுமக்கிற மனுஷன், அந்தக் காலில் விலங்கை மாட்டினால் எப்படிப் பொழைப்பாரு? புண் வரும், புழு வைக்கும். ஏன் வாசிச்சேன்? திக்கிற மாதிரி நடிச்சிருக்கலாமே, எனக்கு அது இயல்பாவே வருமே.

தூ மாங் பேரம் பேசவில்லை. அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னிக்கு நாள் நல்லா இல்ல. அப்புறம் பாக்கலாம்" என்றார் அப்பா.

இருபதாம் நாள்

அம்மாவோடு கடற்கரைக் குடிசைக்குத் தினை கொண்டு போனேன். தூ மாங்கின் மனைவி அழவில்லை, திட்டிக்கொண்டிருந்தாள். அரசாங்கக் கொப்பரை முற்றத்தில் கிடந்தது. வாத்துகள் நீந்தட்டும் என்று அதில் தண்ணீர் ஊற்றியிருக்கிறாள். வாத்துகள் காய்ந்த தரையில் உட்கார்ந்திருந்தன. தண்ணீர் முழுக்க அடியிலிருந்த விரிசல் வழியாகப் போய்விட்டது.

"வாத்துக்கே ஆகாத கொப்பரையில நான் உப்பு காய்ச்சணுமாம்!" என்றாள். "தீயை ஊதறேன், தண்ணி ஒழுகித் தீயை அணைக்குது. அஞ்சு வீட்டுலயும் இதே கதைதான். உன் புருஷன் வந்து ஊதிப் பாக்கட்டும்!"

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன்.

"கொப்பரை ஓட்டைன்னா என்ன செய்யணும்னு சட்டத்துல போட்டிருக்காம்மா?"

எல்லாப் பட்டைகளையும் புரட்டினேன். கொப்பரை ஓட்டையாக இருக்கும் என்று சட்டம் எழுதியவர்களுக்குத் தோன்றவே இல்லை.

இருபத்து மூன்றாம் நாள்

மேலதிகாரி யின் தாவ் ஆய்வுக்கு வருகிறார். இந்த மாவட்டத்தில் ஒரு காலில்கூட விலங்கு ஏறவில்லையே, ஏன் என்று கேட்கத்தான் வருகிறார். கெங் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "அவர் வரும்போது தூ மாங் கால்ல விலங்கு இல்லேன்னா உங்க முத்திரை போயிடும் ஐயா. மறுபடி வியாபாரப் பதிவு. இந்தத் தடவை கடைகூட இருக்காது."

"போனாப் போகட்டும்" என்றாள் அம்மா. "அதிகாரி பொண்டாட்டின்னு மண்டி போட்டு மண்டி போட்டு எனக்கு முட்டி தேய்ஞ்சு போச்சு."

அப்பா என்னைப் பார்த்தார். முத்திரை போனால் திரையும் போகும். திரை போனால் எனக்கு ஏது குரல்? ஆனால் அதற்காகத் தூ மாங்கின் காலா?

இருபத்து நான்காம் நாள்

அப்பா மீன் வாங்கப் போகவில்லை.

இருபத்தேழாம் நாள்

யின் தாவ் வந்துவிட்டார். நெடிய மனிதர். நடக்கும்போது தொப்பி அசையவில்லை. தன் முன்னோர்கள் மன்னர்களுக்கே வாத்தியார்கள் என்று வரவேற்பிலேயே இரண்டு முறை சொன்னார். அப்பா குனிந்த குனிவில் தொப்பி கழன்று யின் தாவின் காலடிக்கு உருண்டு போனது. தைத்த அங்கிக் கைகளால் அதை எடுக்கவும் முடியவில்லை.

"வியாபாரிகளுக்குத் தொப்பி கொடுத்தால் இப்படித்தான்" என்றார் யின் தாவ், யாரிடமும் சொல்லாதவர்போல.

திரை இடுக்கு வழியாக நான் பார்த்துக்கொண்டேயிருந்தேன். உட்காரும்போது விளக்குத் தண்டை விரல் முட்டியால் ஒரு தட்டுத் தட்டினார். எதற்கு?

இருபத்தெட்டாம் நாள்

வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

கூடம் நிறைந்த கூட்டம். தூ மாங்கை நிறுத்தினார்கள். "ஏன் தாமதம்?" என்றார் யின் தாவ். அப்பா திரைப் பக்கம் தலையைச் சாய்த்தார். நான் திரைக்குப் பின்னாலிருந்து, "கொப்பரைகளைக் கொண்டுவரச் சொல்லுங்கப்பா" என்றேன்.

"கொப்பரைகளைக் கொண்டுவாங்க!" என்றார் அப்பா.

இரண்டையும் கொண்டுவந்து வைத்தார்கள். தூ மாங்கின் பழைய கறுத்த கொப்பரை. பக்கத்தில் வாத்து எச்சத்தோடு அரசாங்கக் கொப்பரை. யின் தாவ் மூக்கைச் சுளித்துக்கொண்டு எழுந்து வந்தார். தூ மாங்குடையதை விரல் முட்டியால் தட்டினார். தலையைச் சாய்த்து, கண்ணை மூடி, ஒலி அடங்கும்வரை கேட்டார். அரசாங்கத்துடையதைத் தட்டினார். சொத்தென்றது. அவர் முகம் கெட்ட மீனைக் கடித்ததுபோல ஆயிற்று.

வாத்தியார் பரம்பரையில் யார் இரும்பை இப்படித் தட்டிக் கேட்பார்கள்?

"இவரும் வியாபாரிதான்! இரும்பு வியாபாரி!"

ஐயோ. மெதுவாகத்தான் சொன்னேன் என்று நினைத்தேன். கூடத்தின் கடைசி வரிசைவரை கேட்டது. என் வாழ்நாளில் நான் அவ்வளவு சத்தமாகப் பேசியதே இல்லை.

"யார் அது?" யின் தாவ் திரும்பினார். முகம் வெளுத்திருந்தது.

அப்பா பதறி எழுந்தார். மன்னிப்புக் கேட்கக் கைகூப்பி நீட்டினார் — மன்னிப்புக் கேட்கத்தான், சத்தியமாக — ஆனால் எதிரே இன்னோர் அங்கிக் கை நீண்டிருந்தது. பழக்கம்! டர்ர்ரென்று அம்மாவின் தையல் கிழிந்தது. அப்பாவின் கை யின் தாவின் அங்கிக் கைக்குள் முழங்கைவரை போய்விட்டது.

கெங் கூரையில் எதையோ தேட ஆரம்பித்தார்.

யின் தாவ் கையை உதறவில்லை.

முகம் கல்போலத்தான் இருந்தது. ஆனால் அந்தப் பட்டுக்குள் ஏதோ அசைந்தது. விரல்கள் பதில் சொல்லிக்கொண்டிருந்தன! இரண்டு பேரும் எதிர் எதிர்ச் சுவர்களைப் பார்த்துக்கொண்டு, நெற்றியில் வேர்வை வழிய, நின்றார்கள். கடைசியில் ஒரு குலுக்கல். கையை எடுத்தார்கள்.

யின் தாவ் தொண்டையைச் செருமினார். "சட்டம் சட்டம்தான். கொப்பரை பறிமுதல். இனி அது அரசாங்கக் கொப்பரை. இவனுக்குக் கொடுத்தது ஓட்டையாக இருப்பதால், அரசாங்கம் இதையே இவனிடம் காய்ச்சக் கொடுக்கிறது. மற்ற வீடுகளுக்குப் புதுக் கொப்பரை வரும். இவன் இடது காலில் விலங்கு. எடுத்து வாருங்கள்."

தூ மாங்கின் மனைவி அலறினாள். நானும் திரைத்துணியைக் கடித்துக்கொண்டேன்.

விலங்குகளைக் குவித்தார்கள். கொப்பரை வந்த அதே பட்டறையில் வார்த்தவை. யின் தாவ் குனிந்து ஒவ்வொன்றாகத் தட்டினார். காதருகே வைத்துக் கேட்டார். ஒதுக்கினார். ஒன்று சொத்தென்றது. "இது" என்றார்.

மாட்டினார்கள். "நட" என்றார்.

தூ மாங் நடந்தார். இழுத்து இழுத்து வாசல்படிவரை போனார். படியில் இறங்கும்போது டொக்கென்று ஒரு சத்தம். விலங்கு இரண்டாகப் பிளந்து உருண்டது.

"தண்டனை நிறைவேறியது" என்றார் யின் தாவ். "எழுத்தரே, எழுதிக்கொள்ளும். இரண்டாவது முறை மாட்டச் சொல்லிச் சட்டத்தில் இருக்கிறதா?"

கெங் என் திரையைப் பார்த்தார். கூடமே பார்த்தது. யாரோ வாசித்தாக வேண்டும்.

"இல்லை" என்றேன். நாக்கு ஒட்டவில்லை. "அப்படி ஒரு வரியும் இல்லை."

இருபத்தொன்பதாம் நாள்

யின் தாவ் எங்கள் வீட்டில் சாப்பிட்டார். இரண்டாவது கிண்ணம் மதுவுக்குப் பிறகு மன்னர்களின் வாத்தியார்கள் காணாமல் போனார்கள். "எங்க பட்டறையில எவனாவது இப்படி வார்த்திருந்தா எங்கப்பா தோலை உரிச்சு உலைத்துருத்தி தைச்சிருப்பாரு!" என்று தொடையில் தட்டினார். அம்மா அவருக்கு இன்னும் மீன் வைத்தாள்.

அவர் போன பிறகு அப்பாவிடம் கேட்டேன்: "அங்கிக்குள்ள என்னப்பா பேசினீங்க?"

"நான் எங்கேம்மா பேசினேன்? பயத்துல கையை விட்டுட்டேன். அவருதான் உள்ளங்கையில கீறினாரு. ‘சரக்கு சரியில்ல’ன்னு. ஆமான்னு குலுக்கினேன். முடிஞ்சுது."

எட்டாம் மாதம், ஆறாம் நாள்

அப்பா மீன் வாங்கப் போனார். மீன்காரி இப்போதெல்லாம் சரியாகத் திட்டுகிறாளாம். சந்தோஷமாக வந்தார்.

அம்மா கிழிந்த அங்கிக் கைகளுக்கு விளிம்பு கட்டிக்கொண்டிருக்கிறாள். வாயை அகலமாகவே விட்டுவிட்டாள்.

காலையில் கூடத்துக்குப் போனபோது திரையைக் காணவில்லை. துவைக்கப் போட்டிருக்கிறது என்றார் கெங், என் முகத்தைப் பாராமல். அப்பாவின் பாய்க்குப் பக்கத்தில் இன்னொரு சின்னப் பாய். அதன்மேல் புது மூங்கில் பட்டைகள், சீவத் தேவையில்லாதவை.

இன்றைய முதல் வழக்கு, படகில் உப்பை நனையவிட்டவன். உட்கார்ந்தேன். யாரையும் பார்க்காமல், ஆனால் எல்லோருக்கும் கேட்கும்படி, சட்டத்தை வாசித்தேன்.

"ஆறு அடி" என்றேன்.

அப்பாவை அவன் பார்க்கவில்லை. என்னைப் பார்த்து, "நாலுன்னு வெச்சுக்கலாமா தாயி?" என்றான்.