இன்னொரு ராஜ்கமல்

அன்புள்ள இளவரசிக்கு,

நீயும் வயிற்றுப் பிள்ளையும் சுகமா? அம்மாவின் கால்வலி தேவலையா?

போனில் சொன்னால் குரல் நடுங்கும் என்றுதான் எழுதுகிறேன். இங்கே இறங்கியதும் விமான நிலையத்தில் என்னைத் தனியறையில் உட்காரவைத்துவிட்டார்கள். போலீஸ் தேடும் ஒருவன் பெயரும் ராஜ்கமலாம், என் வயதாம். நாங்கள் பிறந்தபோது ஊரெல்லாம் ராஜ்கமல்தானே. அவன் நானில்லை என்றால் யாரும் நம்பவில்லை. கடைசியில் மொழிபெயர்க்க வந்த கடலூர்க்காரர், "அம்மா பேரு இன்னா தம்பி?" என்றார்.

"கொளஞ்சியம்மாள்ங்க."

பாஸ்போர்ட்டில் பார்த்தார்கள். அவன் தாய் பெயர் வேறு. விட்டுவிட்டார்கள்.

நீ பிள்ளைக்கு வைக்க ஆசைப்படும் தன்ஷிகா இப்போது சிதம்பரத்தில் தெருவுக்கு ஒருத்தி. மகள் பிறந்தால் கொளஞ்சி என்று வைப்போமா? அம்மாவிடம் காரணம் சொல்லாதே.

எலுமிச்சை ஊறுகாய் அனுப்பு. போனில் நான் பேசாமல் இருந்தாலும் வைத்துவிடாதே. வேலைக்கு வண்டி வந்துவிட்டது.

உன் ராஜ்கமல்