எல்லாம் சரியாக எடுத்த சுபாங்கி

அன்புள்ள வாப்பாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். சர்க்கரை மாத்திரையை வேளைக்குப் போடுகிறீர்களா? நான் சுகம். இங்கே சிங்கப்பூரில், தேக்கா சந்தையில் நல்ல மீன் கிடைக்கிறது.

உளவியல் ஆய்வு ஒன்றில் வேலை பார்க்கிறேன். உட்லண்ட்ஸ் பகுதியில் ஆறு வயதுப் பிள்ளைகளுக்கு ஒரு பட வரிசையைக் காட்டுவேன்; அடுத்து வர வேண்டிய படத்தை அவர்கள் எடுத்துத் தருவார்கள். சரியாக எடுத்தாலும் நான் "தப்பு" என்று சொல்ல வேண்டும். எத்தனையாவது தடவையில் பிள்ளை முயற்சியைக் கைவிடுகிறது என்பதே ஆய்வு.

நேற்று வந்த சுபாங்கி எல்லாவற்றையும் சரியாகவே எடுத்தாள். ஒன்பதாவது "தப்பு" கேட்டதும் கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். முடிந்ததும் பிள்ளையிடம் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்பது ஆய்வின் விதி. சொன்னேன்.

"எல்லாமே ரைட்தாம்மா. அக்கா சும்மா சொன்னேன்."

"பொய் சொல்றீங்க லா. எனக்கு மூளை இல்ல."

அதற்குப் பிறகு அவள் ஒரு படத்தையும் தொடவில்லை.

நீங்களும் என் கணக்கு நோட்டை வாங்கியதும் "தப்பு" என்றுதான் சொல்வீர்கள். நீங்கள் கணக்கு வாத்தியார். சரிபார்க்க எனக்குத் தோன்றியதே இல்லை. பதினொன்றாம் வகுப்பில் கணக்கையே விட்டேன்.

கோபமில்லை வாப்பா. பரணில் அந்த நோட்டுகள் இருந்தால், அடுத்த மாதம் இங்கே வரும் இம்ரான் மச்சானிடம் கொடுத்தனுப்புங்கள். எத்தனை சரியாகப் போட்டிருந்தேன் என்று பார்க்க வேண்டும்.

அடுத்த பிள்ளை வாசலில் சிரித்துக்கொண்டு நிற்கிறது. கூப்பிட வேண்டும்.

உங்கள் மகள்,
ஜரீனா